புது வீட்டின் முதல் இரவுகளும் காதில் ஓயாத கச்சேரியும்

எனக்கு 14 வயதிலிருந்தே உயிராகப் பிடித்த இசைக்குழு ஒன்று உண்டு. அவர்களுடைய பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டுதான் பரீட்சைக்குப் படித்தேன். அப்பா தவறிய வருடம், தூக்கம் வராத இரவுகளை அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தோடுதான் கழித்தேன். அவர்களை மேடையில் நேருக்கு நேர் பார்க்க எனக்கு 20 வருடம் பிடித்தது. கடைசியில் அந்த நாள் வந்தபோது, என் வீட்டுச் சாமான் மொத்தமும் 42 அட்டைப்பெட்டிகளில் கிடந்தது. புது வீட்டுச் சாவி கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கச்சேரியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியது. கூட யாரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று அந்த நாட்களில் பல முறை ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டிக்கெட் வாங்கியது கச்சேரிக்கு 5 மாதம் முன்பு. அப்போது வீடு மாறும் எண்ணமே இல்லை. 2 மாதம் கழித்து, வீட்டைத் தன் மகளுக்குக் கொடுக்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். அலைந்து திரிந்து ஒரு வீடு பிடித்தேன். மாதக் கடைசியில் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு மறுநாளே புது வீட்டில் குடியேறினால் கச்சேரிக்கு இன்னும் 10 நாள் இருக்கும், அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. புது வீட்டில் அப்போது வேறொரு குடும்பம் இருந்தது. "அவங்க 30-ஆம் தேதி கண்டிப்பா கிளம்பிடுவாங்க" என்று அந்த வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன். அவர்கள் கிளம்பவில்லை. அவர்கள் போகவேண்டிய வீட்டில் வேலை முடியவில்லையாம். இன்றைக்கு, நாளைக்கு என்று 9 நாள் இழுத்தது.

அந்த 9 நாளும் நான் விடுதியில் தங்கினேன். சாமான் எல்லாம் வீடு மாற்றித் தரும் ஆட்களின் கிடங்கில் இருந்தது, அதற்குத் தினப்படி வாடகை. ஏற்றி இறக்கும் கூலியையும் இரண்டு தடவை கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லாம் கூட்டிப் பார்த்தால் புது வீட்டின் ஒரு மாத வாடகையில் முக்கால் பங்கு காற்றோடு போனது. நான் செய்யத் தவறியது சின்ன விஷயம்தான். புது வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர்கள் எழுத்தில் காலி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். சொன்ன தேதியில் சாவி தராவிட்டால் அந்த நாட்களின் வாடகையைக் கழித்துக்கொள்வது, கிடங்குச் செலவை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்திருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கொடுத்த பிறகு கேட்டால் நம் பேச்சு எடுபடாது. முடிந்தால் பழைய வீட்டையும் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை வாடகை என்று மனசு கேட்காதுதான். ஆனால் நான் கொடுத்ததைவிட அது குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொன்று. என் டிக்கெட் அச்சிட்ட டிக்கெட். கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்னால் அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வாங்கியபோது கொடுத்த முகவரி பழைய வீடு. வீடு மாறும்போது வங்கிக்கும் அலுவலகத்துக்கும் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்த எனக்கு, டிக்கெட் விற்ற இடத்திலும் மாற்றவேண்டும் என்பது ஏனோ தோன்றவே இல்லை. விடுதி அறையில் நடுராத்திரி படுத்திருந்தபோது திடீரென்று நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தேன். வயிற்றைப் பிசைந்தது. விடிந்ததும் ஓடினேன். பழைய வீடு பூட்டிக் கிடந்தது, உள்ளே வெள்ளையடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததற்கான வாடை மட்டும் வந்தது. தபால் பெட்டி காலி. எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு வெள்ளை உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "பெயிண்ட் அடிக்கிற பசங்க வெளிய போட்டுடுவாங்களோன்னு நானே எடுத்து வச்சேன் தம்பி. மேல உன் பேர் இருந்துச்சு." அந்த உறையின் ஒரு மூலையில் வெள்ளை பெயிண்ட் சொட்டு காய்ந்திருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் எடுத்து வைத்திருக்காவிட்டால் இதில் எழுத எனக்குக் கச்சேரியே இருந்திருக்காது.

ஆகவே வீடு மாறுகிறவர்கள் முகவரி மாற்ற வேண்டிய இடங்களைப் பட்டியல் போடும்போது, 'அரசு, வங்கி, வேலை' என்று நிறுத்திவிடாமல், கடந்த ஆறு மாதத்தில் பணம் கட்டிவிட்டு இன்னும் கைக்கு வராத பொருள் எது எது என்றும் யோசியுங்கள். வங்கிக் கணக்கில் ஆறு மாத வரவு செலவை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாலே போதும், எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அஞ்சல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி பல நாடுகளில் உண்டு. அது நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். எதிர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது இவை எல்லாவற்றையும்விட மேல்.

கச்சேரிக்கு முந்தின நாள் சாவி கிடைத்தது. அன்று காலையிலிருந்து இரவு வரை பெட்டி தூக்கினேன். பெட்டிகளின்மேல் 'சமையலறை', 'படுக்கையறை', 'புத்தகம்' என்று எழுதியிருந்தேன், அந்த மட்டில் சரி. ஆனால் பெயரை மேல் மூடியில் மட்டும் எழுதியிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் ஒரு பெயரும் தெரியவில்லை. பக்கவாட்டில், அதுவும் இரண்டு பக்கத்தில் எழுதவேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. 'மேசை டிராயர்' என்று எழுதிய ஒரு சின்னப் பெட்டியில் என் அடையாள அட்டையும், ஒரு ஜோடி காதடைப்பானும் இருந்தன. ஆமாம், என்னிடம் காதடைப்பான் இருந்தது. கச்சேரிக்கென்றே மூன்று மாதம் முன்னால் வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் மதியம் 4 மணி வரை அந்தப் பெட்டியைத் தேடினேன். அடையாள அட்டையின் நகல் போனில் இருந்ததால் அது ஒரு வழியாக நிவர்த்தியானது. காதடைப்பான் கிடைக்கவில்லை. போகிற வழியில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், வழியில் மறந்தும் போனேன். முந்தின இரவு மூன்று மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன், மூளை அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்றேன். அதனால் மேடைக்கு மிக அருகில், இடப்பக்க ஒலிபெருக்கி அடுக்குக்குக் கிட்டத்தட்ட நேர் எதிரில் இடம் கிடைத்தது. அப்போது அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். விளக்கெல்லாம் அணைந்து, இருட்டில் டிரம்ஸ் குச்சி நான்கு தடவை தட்டிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி பேஸ் கிட்டார் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. நான் அழுதேன். வெட்கப்படவில்லை, என்னைச் சுற்றி நின்றவர்களில் பலரும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். பாடகர் மூன்றாவது ஆல்பத்திலிருந்து நான் எதிர்பார்க்காத ஒரு பாட்டை எடுத்தபோது, அந்த வருடத்து என் பழைய அறையின் ஜன்னல் கம்பிகூடக் கண்முன் வந்து நின்றது. கிட்டார் வாசித்தவர் ஒரு இடத்தில் தந்தியைத் தவறாக மீட்டி, சிரித்து, டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். 20 வருடம் ஒலிப்பதிவில் கேட்டவனுக்கு அந்தத் தவறு எவ்வளவு பெரிய பரிசு என்பது ரசிகர்களுக்குத்தான் தெரியும். 2 மணி 10 நிமிடம் வாசித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் காதில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ செருகியிருந்தார். அவரைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் என் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

அங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைக் கணக்காகப் புரிந்துகொண்டது பிறகுதான். வேலையிடங்களில் காதுக்குப் பாதுகாப்பான எல்லையாக அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு அமைப்பான நையாஷ் (NIOSH) சொல்வது 85 டெசிபல், அதுவும் 8 மணி நேரத்துக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். ராக் கச்சேரிகளில் முன்வரிசையில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது பாட்டு நடக்கும்போதே என் ஒரு நாள் பங்கு தீர்ந்துபோயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, சத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அரங்குக்குப் போகும் முன் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் பத்து நிமிடம் அங்கே போய் உட்கார்ந்தாலே காதுக்கு ஆறுதல். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் மட்டும் நிற்காதீர்கள். பாட்டு, கருவிகளின் ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் ஒலிப் பொறியாளர் உட்கார்ந்திருக்கும் மேடைக்குப் பக்கத்தில் நின்றால் சத்தமும் குறைவு, பாட்டும் தெளிவு. ஏனென்றால் அவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார்.

திரும்புவதற்கான வழியை நான் பழைய வீட்டை மனதில் வைத்தே யோசித்திருந்தேன். அங்கிருந்து அரங்கு அரை மணி நேரம். புது வீடு அதற்கு எதிர்த் திசையில் ஊருக்கு வெளியே. கடைசி ரயில் போய்விட்டது. கச்சேரி விட்ட கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வண்டி தேடியதில் வாடகைக் காரின் கட்டணம் எங்கேயோ ஏறிவிட்டது. டிக்கெட் விலையில் பாதியை அந்த ஒரு பயணத்துக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தபோது இரவு 2 மணி. படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. உள்ளே போய் சுவரைத் தடவித் தடவி மின்சாரப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். குடியேறும் நாளன்று வெளிச்சம் இருக்கும்போதே மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பது அந்த இருட்டில் நின்றால் புரியும். மெத்தையை மட்டும் தரையில் விரித்துப் படுத்தேன்.

அப்போதுதான் அது கேட்டது. இரண்டு காதிலும், வலது காதில் கூடுதலாக, கம்பியை இழுத்துப் பிடித்தது போல ஒரே சுருதியில் 'ஈஈ' என்று ஒரு சத்தம். முதலில் புது வீட்டு ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன். எழுந்து போய் அதன் பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. மின்மாற்றி ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அப்புறம் இரண்டு காதையும் விரலால் அடைத்தேன். சத்தம் இன்னும் உரக்கக் கேட்டது. அது வெளியே இல்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. 42 பெட்டிகளுக்கு நடுவில், தெரியாத ஒரு வீட்டின் தரையில் உட்கார்ந்துகொண்டு, இனி இதுதான் என் வாழ்க்கையா என்று பயந்ததை மறக்க முடியாது. யாரை எழுப்பி என்னவென்று சொல்வது?

காலி வீடு இதில் செய்த கெடுதலையும் சொல்லியாக வேண்டும். சாமான் அடுக்காத அறையில் திரை கிடையாது, விரிப்பு கிடையாது, துணி கிடையாது. நம் குரலே சுவரில் மோதித் திரும்பி வரும். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் பேராசிரியரிடம், பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரி செய்யச் சொன்னார்கள். பேச்சு நின்ற பிறகும் அங்கே எதிரொலி 5.5 விநாடி நீடித்ததாம். அவர் இரவு இரவாகப் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். இன்றைய அரங்க ஒலியியல் அங்கேதான் தொடங்கியது. மேடைக்கு முன் கூட்டம் நிறைந்ததும் அரங்கின் ஒலியே மாறுவதற்கும் அதே காரணம்தான், மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சுகின்றன. நான் இருந்த அறையிலோ உறிஞ்ச ஒன்றுமில்லை, அதோடு ஊருக்கு வெளியே இருந்ததால் இரவில் அப்படியொரு நிசப்தம். காதுக்குள் இரைச்சல் இருப்பவனுக்கு அந்த எதிரொலியும் வேதனை, நிசப்தம் அதைவிட வேதனை. சுற்றிலும் வேறு ஒலி இல்லாதபோது மூளை அந்த ஒன்றையே பிடித்துக்கொள்கிறது.

கச்சேரி கழிந்து ஒரு நாள், இரண்டு நாள் காது இரைவதும் பஞ்சு அடைத்தது போல இருப்பதும் பலருக்கும் நடப்பதுதான், பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்று படித்தேன். சரி, பொறுப்போம் என்று இருந்தேன். மூன்றாம் நாளும் நிற்கவில்லை. நான்காம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். ஒலி புகாத அறையில் உட்கார வைத்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் பக்கத்தில் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறியிருந்தது. பெருஞ்சத்தத்தால் அடிபட்ட காதின் அடையாளமே அந்தப் பள்ளம்தானாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மட்டுமே. செத்துப்போனால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது. அவர் என்னைப் பயமுறுத்தவில்லை, பொய் ஆறுதலும் சொல்லவில்லை. இரைச்சலை அப்படியே நிறுத்தும் மாத்திரை கிடையாது, காத்திருக்கலாம், நிசப்தத்தில் படுக்காதீர்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: ஒரு காது சட்டென்று கேட்காமல் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே வரவேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும் வாய்ப்பு அதிகம். என் நிலை அதுவல்ல என்றாலும் இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இரைச்சல் ஓயாத மூன்று வாரமும் தூக்கமில்லாமல் வேலைக்குப் போனேன். 5 நாள் விடுப்பு எடுத்தேன். பீட் டவுன்ஷெண்ட், கிறிஸ் மார்ட்டின் போன்ற பெரிய கலைஞர்களே காது இரைச்சலோடு வாழ்வதாக வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள் என்று படித்தபோது ஒரு பக்கம் தைரியம் வந்தது, இன்னொரு பக்கம் கோபம் வந்தது. மேடையில் இருப்பவர்கள் காதடைப்பானையோ இயர்போனையோ காதுக்குள் பொருத்திக்கொண்டு தங்கள் காதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், கீழே நிற்கும் நமக்கு ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை? அதைவிட மனதை உறுத்தியது இன்னொரு விஷயம். 2009-இல் குஜாவா, லிபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த ஆய்வில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் முழுக்கத் திரும்பிவிட்டது போலத் தெரிந்தாலும், உள்காதின் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவில் உள்ள இணைப்புகள் நிரந்தரமாகக் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். மனிதர்களிடம் அது எந்த அளவு என்பதை இன்னும் ஆராய்கிறார்கள். 'போன தடவையும் இரைந்தது, இரண்டு நாளில் சரியாயிற்று' என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். முதலில் படுக்கையறையை முடித்தேன். எல்லோரும் சமையலறையைத்தான் முதலில் பிரிக்கச் சொல்வார்கள். நான் கனமான திரை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி, துணி அலமாரி என்று படுக்கையறையைத்தான் ஒரே நாளில் நிரப்பினேன். கைதட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது, 'டங்' என்று திரும்பிய சத்தம் 'தப்' என்று நின்றது. இரவில் மின்விசிறியை ஓடவிட்டேன், போனில் மழைச் சத்தத்தை மெதுவாக வைத்தேன். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்தால் மூளை மெல்ல மெல்ல இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. ஹெட்போனை ஒரு மாதம் தொடவில்லை. பகலில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். கைக்கு வேலை இருந்த நேரத்தில் காது சும்மா இருந்தது.

11-ஆம் நாள் 'மேசை டிராயர்' பெட்டி குளியலறைக் கதவுக்குப் பின்னால், துண்டுகள் வைத்த பெட்டிக்கு அடியில் கிடைத்தது. காதடைப்பான் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வீடு மாறும் நாளில் ஒரு தோள்பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, ஒப்பந்தம், சார்ஜர், மருந்து, ஒரு மாற்றுத் துணி, டார்ச், அடுத்த ஒரு வாரத்தில் போகவேண்டிய இடத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கட்டும். அந்தப் பை வண்டியில் ஏறக் கூடாது, உங்கள் தோளைவிட்டு இறங்கவும் கூடாது.

காதடைப்பானிலும் வகை உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை வகை சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் மேல்சுருதிகளை அதிகம் தின்றுவிடும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யும் வகை எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாக 15, 20 டெசிபல் குறைக்கும். மேலே சொன்ன கணக்குப்படி 15 குறைந்தாலே 100 என்பது 85 ஆகிவிடும், கால் மணி நேரம் 8 மணி நேரமாகிவிடும். நுரை வகையை அப்படியே சும்மா செருகினால் பாதிப் பயன்கூட இல்லை. விரலால் மெல்லியதாக உருட்டி, எதிர்க் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு தடவை பழகிவிட்டுப் போங்கள்.

பழைய வீட்டின் முன்பணத்தில் கால் பங்கையும் நான் இழந்தேன். சுவரில் கீறல், குளியலறைக் கண்ணாடியில் விரிசல் என்று காரணம் சொன்னார்கள். கண்ணாடி நான் அங்கே குடிபோனபோதே அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்டப் படம் இல்லை. புது வீட்டில் பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் மூலை மூலையாகப் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். மீட்டர் எண்களையும் அதோடு சேர்த்தேன்.

ஆறு வாரம் கழித்து நடந்த சோதனையில் இடது காது பழைய நிலைக்கு வந்திருந்தது. வலது காதில் 4000 ஹெர்ட்ஸில் சின்னப் பள்ளம் இன்னும் இருக்கிறது. இரைச்சல் தேயத் தொடங்கியது அதற்கு முன்பே, 19-ஆம் நாள் வாக்கில். எந்த மணியில் குறைந்தது என்று சொல்ல முடியாது. அன்று இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று படுத்தேன். இரைச்சல் இருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில். அதற்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது, மெல்லிய, நிற்காத, தண்ணீர் ஒழுகும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். கழிப்பறைத் தொட்டியின் உள்ளே ரப்பர் மூடி சரியாக உட்காராமல், குடியேறிய நாளிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வெளியே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன், தண்ணீர் மீட்டரின் முள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டி மூடியைத் திறந்து, கையை விட்டு அந்த ரப்பரை நேராக அழுத்தினேன். சத்தம் நின்றது. ஈரக் கையோடு அப்படியே நின்று, வீடு அமைதியாக இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.